கடையிலிருந்து விழுந்த ஒரு ஓட்டு

காரைக்குடி,
9-4-1977

அன்பு மகன் அழகுசுந்தரத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கான்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று கொப்புடையம்மனிடம் சொல்லிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். உன் தங்கை வீரலட்சுமிக்கு இது ஐந்தாவது மாதம், புளிச்சோறும் அப்பளமும் தவிர எதுவும் இறங்கவில்லை என்று மானாமதுரையிலிருந்து மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், மற்றபடி சுகம். நீ அடித்த தந்தி வந்தது, அதற்குப் பிறகு போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. ஒன்றுக்கும் பதில் காணோமே, திரும்பவும் அப்பாவுக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று நீ தவித்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை தம்பி. எழுத உட்காருவேன், எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. இன்றைக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது, நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அம்மாவைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை.

தந்தி வந்த அன்றைய கூத்தை முதலில் சொல்கிறேன். அங்கே தெருவில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஒருவர் வாயில் ஒருவர் லட்டு ஊட்டினார்கள் என்று எழுதியிருந்தாய், அந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தந்தி கொடுத்திருக்கிறாய். உங்கள் பக்கம் ஒரு இடம்கூட விடாமல் ஆளுங்கட்சியைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள், பிரதமரே தோற்றுப் போனார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நீ நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இங்கே நடந்தது நேர் எதிர். அதே ஆளுங்கட்சியோடு கூட்டுச் சேர்ந்து நின்ற இரட்டை இலைக்காரர்கள், முப்பத்தொன்பது இடத்தில் கூட்டாக முப்பத்திநாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் தொகுதியும் அதில் ஒன்று. வித்தியாசம் எத்தனை என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் போட்ட ஓட்டு அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியுமாக விழுந்திருக்கிறது. நம் தெருவில் ஏணி வைத்து இலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தந்திக்காரர் வந்து இறங்கினார். தந்தி என்றதும் நான் பதறிப்போனேன், அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் இங்கிலீஷைப் படித்துப் பார்த்துவிட்டு, பயப்படாதீர்கள் நல்ல சேதிதான் என்று எல்லோருக்கும் கேட்கிறாற்போல, "ஜெயிச்சுட்டோமாம்ணே, மகன் ஒங்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்காக" என்று சத்தமாகச் சொன்னார். தோரணம் கட்டியவர்கள் ஏணியில் நின்றபடியே சிரித்தார்கள். அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். ஏன் பார்க்க முடியவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா ஜெயிலில் இருந்த ஒரு வருஷத்தில் இங்கே என்ன நடந்தது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு இருந்ததால் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று மட்டும் எழுதினேன். நீயும் புரிந்துகொண்டு, எப்போது திரும்புவார், போன இடத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டு எழுதினாய். போன வருஷம் சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்களே, அதற்கு நாலாம் நாள் விடிந்ததும் வந்து அழைத்துப் போனார்கள். என்ன குற்றம் என்று கேட்டேன், மிசா என்றார்கள், அதற்கு மேல் கேட்கக் கூடாதாம். அப்பா என்ன பெரிய தலைவரா, கழனிவாசல் ரோட்டில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு வார்டுச் செயலாளராக இருந்தவர், கூட்டம் என்றால் மைக் செட்டுக்குச் சொல்வதும் நாற்காலி எடுத்துப் போடுவதும்தான் அவர் செய்தது. பத்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. தினமும் கடையில் வந்து டீ குடித்துப் பேப்பர் படித்தவர்கள் ஒருத்தரும் இங்குட்டு எட்டிப் பார்க்கவில்லை, நான் எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். பதினோராம் நாள் காலையில் உன் சித்தப்பா சேவுகன் வந்து வாசலில் நின்றார். கட்சி உடைந்தபோது அவர் இலைப் பக்கம் போனதிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, ஒரே தெருவில் நாலு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். வந்தவர் உள்ளே வரவில்லை. "மதினி, கடையத் தொறங்க. பூட்டிப் போட்டா பயந்துட்டாகன்னுதான் ஊரு பேசும்" என்றார். நான் ஒரு பொம்பிளை எப்படிச் சைக்கிள் கடையில் போய் உட்காருவது என்று கேட்டேன். "ஏன், ஒங்களுக்குக் கையி காலு இல்லையா? நா எதுக்க உக்காந்துக்கிறேன், எவன் என்ன கேக்குறான்னு பாப்பம்" என்றார். சொன்னபடியே முதல் மாதம் முழுக்க ஒரு நாள் தவறாமல் காலையில் வந்து கடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். விசாரிக்க வந்த போலீஸ் ஆட்கள் அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

அப்படித்தான் நான் கடைக்குப் போனேன். பத்தொன்பது வருஷமாக நம் கடையில் வேலை பார்க்கிற சின்னக்கருப்பன், உனக்கு முதன்முதலில் குரங்குப் பெடல் பழக்கிவிட்டவன், எனக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது, செயின் கழன்றால் மாட்டுவது எல்லாம் வந்துவிட்டது, வளைந்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது மட்டும் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. முதல் வாரம் காலேஜ் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், இரண்டாம் மாதத்தில் பின் சக்கரத்துக்குக் காற்று வேண்டும் அம்மா என்று அவர்களே வந்து நின்றார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் ஊர் என்ன பேசுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. நீ இருக்கிற பக்கம் ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள் என்று இப்போது பேப்பரில் வருகிறது, நீ ஒரு வரி எழுதவில்லை, எழுதவும் முடிந்திருக்காது. இங்கே அப்படியெல்லாம் யாரும் பார்க்கவில்லை தம்பி. ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஆள் சீட்டில் இருக்கிறான், பதுக்கின அரிசி வெளியே வந்துவிட்டது என்றுதான் காற்றடிக்க வந்தவர்கள் பேசினார்கள், என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே என் முகத்துக்கு நேரே பேசினார்கள். நானும் பம்பை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்சியை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னார்கள். அப்பாவோடு போன கோட்டைச்சாமி அப்படிக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதமே வீடு வந்து சேர்ந்தார். வீரலட்சுமிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஆவணிக்குள் கல்யாணத்தை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆடி மாதம் பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒரு கையெழுத்துத்தான, போட்டுட்டு வாங்களேன். பொண்ணு மணையில ஒக்காரும்போது பக்கத்துல நிக்க வேணாமா" என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "நா தப்புப் பண்ணுனேன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தாரை வாக்குறது" என்றார். நேரம் முடிந்துவிட்டது என்று அழைத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் திருப்பத்தூர் வரைக்கும் அழுதேன். அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது, ஒரு அலுப்பு வந்து உட்கார்ந்தது, அது இன்னும் எழுந்து போகவில்லை. கல்யாணத்தில் சேவுகனும் அவர் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவும் நின்று தாரை வார்த்தார்கள். உனக்கும் லீவு கிடைக்கவில்லை. உன் தங்கை புகைப்படத்தில் சிரிக்கவே இல்லை, உனக்கு அனுப்பினேனே, பார்த்திருப்பாய்.

இந்த வருஷம் தை மாதக் கடைசியில் அப்பாவை விட்டார்கள். கால் இரண்டும் வீங்கி, முகம் ஒட்டிப் போய் வந்து இறங்கினார். ரோட்டில் மாறி நடந்தவர்களெல்லாம் மாலையோடு ரயில் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் நான் வழக்கம்போலக் குளித்துக் கடைக்குக் கிளம்பினேன். "இனிமே நீ எதுக்கு, அதான் நா வந்துட்டேன்ல" என்று சொல்லி அவர் போய்விட்டார். யார் ஒரு வருஷம் நடத்தியது, எப்படி நடத்தியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும் என்று இருந்தேன். ஒரு வாரம்கூட அவர் முழுதாகக் கடையில் உட்காரவில்லை, அதற்குள் தேர்தல் வேலை வந்துவிட்டது. வீங்கின காலோடு ஊர் ஊராகப் போனார், மேடையில் ஏற்றி ஜெயிலுக்குப் போன செம்மல் என்று துண்டு போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால், இந்தத் தடவை சனம் பாடம் புகட்டும், ஊரே கொதித்துப் போய் இருக்கிறது என்று சொல்வார். ஊர் கொதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஒரு வருஷம் பம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் நான். அதைச் சொல்லாமல் குழம்பை ஊற்றினேன்.

ஓட்டுப் போடுகிற அன்று முனிசிபல் பள்ளிக்கூடத்தில் பொம்பிளைகள் வரிசை வாசல் தாண்டி நின்றது. அட்டை மறைப்புக்குள் போய் முத்திரையைக் கையில் எடுத்தேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அப்பா எதைச் சொல்கிறாரோ அதில்தான் குத்தியிருக்கிறேன், இது நாள்வரை வேறு யோசனை வந்ததில்லை. அன்றைக்கு முத்திரை ஈரம் காய்கிற வரைக்கும் நின்றேன். பிறகு இலையில் குத்திவிட்டேன் தம்பி. அவரை உள்ளே வைத்தவர்களோடு கூட்டுச் சேர்ந்த சின்னம் அது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சேவுகனுக்கு நன்றிக்காகப் போட்டேன் என்று நீ நினைக்கலாம், அதுவும் இல்லை. அப்பா பக்கம் ஜெயித்தால் அவரை இன்னும் பெரிய மேடையில் ஏற்றுவார்கள், பிறகு என்றைக்காவது ஆட்சி மாறும், திரும்பவும் விடியற்காலை வாசலில் ஜீப் வந்து நிற்கும், நான் திரும்பவும் பையில் சோப்பும் வேட்டியும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். தோற்றால் ஒருவேளை வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. வெளியே வந்தபோது யாரிடமாவது சொல்லாவிட்டால் ஆகாது போல இருந்தது, குழாயடியில் அம்மாக்கண்ணுவிடம் சொல்லிவிட்டேன். அவள் சேவுகனிடம் சொல்லியிருக்கிறாள்.

எண்ணின அன்று சாயங்காலம் இலைக்காரர்கள் ஊர்வலம் நம் தெரு வழியாக வந்தது. கொட்டும் வேட்டுமாக வந்து, நம் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் சட்டென்று சத்தம் நின்றது. சேவுகன் முன்னால் ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எங்க அண்ணன் வீடுப்பா, தாண்டுற மட்டும் அடிக்காதீக" என்று சொன்னது உள்ளே கேட்டது. அத்தனை பேரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நம் வாசலைக் கடந்து போனார்கள், அந்தாண்டை போன பிறகுதான் கொட்டு திரும்ப எழுந்தது. அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அடிச்சுக்கிட்டே போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மறுநாள்தான் உன் தந்தி வந்தது.

தோற்றதோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். பெட்டிகளைக் கலந்து எண்ணினார்கள், எந்தத் தெருவில் எத்தனை என்று தெரியாது என்று பேசிக்கொண்டார்கள், அது எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. நாலாம் நாள் டீக்கடையில் எவனோ இலைக்காரன், "அண்ணன் சைக்கிள் கடையிலருந்தே நமக்கு ஒரு ஓட்டு விழுந்துருக்குல்ல" என்று அப்பா காதுபடச் சொல்லியிருக்கிறான். சேவுகன் வீட்டில் பேசினது எப்படியோ ஒழுகியிருக்கிறது. அப்பா நேரே கடைக்குப் போய், காற்றடிக்க வந்தவர்கள், வாடகை வண்டி எடுக்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சின்னக்கருப்பனைப் பிடித்துக்கொண்டு, "எங் கடைச் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி தோண்டுனியாடா" என்று கேட்டிருக்கிறார். சின்னக்கருப்பன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனர் எல்லாவற்றையும் சாக்கில் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று சொல்லி நேமத்தான்பட்டிக்கு நடந்தே போய்விட்டான். நான் அவன் போகிறபோது பார்க்கவில்லை, மத்தியானம் அப்பா சாப்பிட வந்து சொல்லித்தான் தெரியும். கடையிலிருந்து ஓட்டு என்றதும் அவருக்குச் சின்னக்கருப்பன்தான் நினைவுக்கு வந்திருக்கிறான். ஒரு வருஷம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவள் நான், என் நினைப்பு அவருக்கு வரவே இல்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். சின்னக்கருப்பன் பெண்டாட்டி சந்தையில் என்னைப் பார்த்து, "இத்தன வருசம் ஒழைச்சதுக்கு நல்ல பேரு குடுத்தீக அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.  வீட்டுக்கு வந்ததும் பையை வைக்காமல் அப்பா முன்னால் போய் நின்றேன். "அந்தக் கடை ஓட்டு சின்னக்கருப்பன் போட்டது இல்ல. நா போட்டது" என்றேன். அவருக்குப் புரியவில்லை, என்ன சொல்ற என்று இரண்டு தடவை கேட்டார். "நாந்தான் எலையில குத்துனேன். அவன எதுக்கு வெரட்டுனீக" என்றேன். அடிப்பாரோ என்று நினைத்தேன், எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் கை ஓங்கினவர் இல்லை, ஆனாலும் அன்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஏன்?" என்றார். "நீங்க வீட்ல இருக்கணும்னு" என்றேன். "எப்ப நெனச்ச?" என்றார். "திருப்பத்தூர் தாண்டி பஸ்சுல" என்றேன். அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு வண்டியை எடுத்து மிதித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எங்கே போனார் என்று தெரியாது. அந்தக் காலோடு, அந்த வெயிலில். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன், செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம், சொல்லாமலாவது இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். சேவுகனிடம் ஆள் அனுப்பலாமா என்று யோசித்தேன், அது இன்னும் வினையாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். சின்னக்கருப்பன் மிதித்து வர, அப்பா பின்னால் கேரியரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேமத்தான்பட்டிக்குப் போய் அவன் வீட்டு வாசலில், அவன் தெருக்காரர்கள் பார்க்க, "தப்பா கேட்டுப்புட்டேன், மனசுல வச்சுக்கிராத, வா" என்று சொல்லியிருக்கிறார். அவன் உடனே வரவில்லையாம். "வாரேண்ணே. ஆனா நா எங்க போட்டேன்னு இனிமே நீங்க கேக்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான அங்க அட்டைய மறைச்சு வச்சுருக்கான்" என்றானாம். அப்பா சரி என்று அவன் கையைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தானாம். இதையெல்லாம் சின்னக்கருப்பன் சொல்லவில்லை, அப்பாவே சொன்னார். சின்னக்கருப்பன் சாப்பிட்டுப் போன பிறகு அப்பா தட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, "கலியாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்ன அந்தப் பேப்பரக் கேட்டு வாங்குனேன். பேனாவும் வாங்குனேன்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை, பிறகுதான் கட்சியை விட்டு விலகுகிற அந்தக் காகிதம் என்று தெரிந்தது. "பெறகு?" என்று கேட்டேன். "எம் பேருல பாதி எழுதுனேன். கிழிச்சுப் போட்டுட்டேன். முகூர்த்த நேரம் என்னன்னு வார்டர்ட்ட கேட்டு, அந்த நேரத்துக்கு எந்திரிச்சு நின்டேன்" என்றார்.  அவர் கைகழுவ மறந்து காய்ந்துபோன தட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் ஒரு வருஷத்தை இரண்டு பேரும் எப்படித்தான் சுமந்தோமோ, தெரியவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இரண்டு நாளைக்கு ஒருமுறை அவர் முகம் இருண்டுவிடும், என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வார், எனக்குக் காரணம் தெரியும், ஒன்றும் கேட்க மாட்டேன். உங்கள் பக்கத்துச் சனம் போட்ட ஓட்டால்தான் அந்தச் சட்டமெல்லாம் போகிறது, இனி ஜீப் வராது என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னார். நான் பயந்து ஒன்று போட்டேன், என் பயத்தைத் தீர்த்தது முகம் தெரியாத வடக்கத்திக்காரர்கள் போட்டது. அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அட்டைக்குப் பின்னால் அதே நாள் திரும்ப நிற்க விட்டால் வேறு மாதிரி குத்துவேனா என்று கேட்டால், சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முந்தாநாள் கட்சி ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். சட்டசபைக்கும் சீக்கிரம் தேர்தல் வந்துவிடும், நீங்கள்தான் திரும்பவும் வார்டைப் பார்க்க வேண்டும், நாளை மறுநாள் கூட்டம், வந்துவிடுங்கள் என்றார்கள். பழைய மனிதராக இருந்தால் அவர்களுக்கு முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டிருப்பார். அன்றைக்கு, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றார். போக வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன், அதற்காகத்தானே இத்தனையும். ஆனால் அப்படி நிற்கிற மனிதரைப் பார்த்தேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்தாலும் அவர் வீட்டில் இருக்க மாட்டார், அது எனக்குத் தெரிந்துபோயிற்று. "போயிட்டு வாங்க. கடைச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார், இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். "கோட்டம் எடுக்கிறது மட்டும் சின்னக்கருப்பன் பாக்கட்டும்" என்றார். எனக்கு அது வராது என்பது அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இன்று காலை அவர் கூட்டத்துக்குப் போனார், நான் கடைக்கு வந்தேன். இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நடுவில் மூன்று தடவை எழுந்து காற்றடித்துவிட்டு வந்தேன், காகிதத்தில் கறுப்பாக இருந்தால் அது கிரீஸ், துடைத்தும் போகவில்லை.

நீ அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஜெயித்தது தோற்றது பற்றி எழுதாதே, நான் எழுதினதையும் காட்டிக்கொள்ளாதே. உன் வேலை, நீ என்ன சமைத்தாய், அங்கே வெயில் எப்படி என்று எழுது, அவருக்கு அது போதும். சித்தப்பாவுக்கும் இரண்டு வரி போடு, அவரும் அப்பாவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் போன வாரம் அவர் சைக்கிள் பஞ்சராகி நம் கடைக்கு வந்தபோது அப்பாதான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார், இரண்டு பேரும் டியூபைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெயிலில் தலையில் துணி போடாமல் போகாதே, ராத்திரி மோர் குடி, ஹோட்டல் சாப்பாட்டை விடு. வீரலட்சுமிக்கு ஆவணிக்குப் பக்கமாகத்தான் பேறுகாலம், இப்போதே லீவுக்கு எழுதிப் போடு, இந்தத் தடவை கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது. நீ ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் நாலு பேருக்கு நல்லவனாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் இல்லை. கடை வாசலில் யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
நா. முத்தழகு